குவாண்டம் பொருள்களுக்குப் பின்னால் இருக்கும் வேதியியல்

மின்தடையை இழக்கும் மீக்கடத்திகள் போன்ற குவாண்டம் பொருள்கள் குறித்த செய்திகளில் இயற்பியலாளர்களின் பெயர்களே முந்தி நிற்கின்றன. ஆனால், அளந்து பார்க்கத் தரமான படிகம் கிடைக்காவிட்டால் எந்தக் கோட்பாடும் தாளைத் தாண்டாது. அந்தப் படிகத்தை உருவாக்கித் தருபவர் கனிம வேதியியலாளர். அமெரிக்காவின் ராபர்ட் காவா அதற்குச் சிறந்த சான்று.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செராமிக் துறையில் முனைவர் பட்டம் பெற்ற காவா, 1979இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் அடங்கிய பொருளொன்று 90 கெல்வினுக்குச் சற்று மேலேயே மின்தடையை முற்றாக இழக்கிறது என்ற செய்தி 1987 தொடக்கத்தில் வந்தது. மலிவான திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும். ஆனால் அந்த மாதிரியில் பச்சையும் கறுப்புமாக இரு சேர்மங்கள் கலந்திருந்தன. இரண்டில் மீக்கடத்தி எது?

பல குழுக்கள் விடை தேடிப் போட்டியிட்டன. காவாவின் குழு கறுப்புச் சேர்மத்தைத் தனியே தயாரித்து, அதுவே 91 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் காட்டியது. அதில் இட்ரியம், பேரியம், தாமிரம் 1:2:3 விகிதத்தில் இருக்கும். ஆக்சைடுகளையும் கார்பனேட்டையும் கல்வத்தில் அரைத்து, உலையில் சுட்டு, ஆக்சிஜன் சூழலில் மெல்ல ஆறவிட வேண்டும். மூன்று தாமிர அணுக்களுக்கு ஆக்சிஜன் அணுக்கள் ஏழிலிருந்து ஆறாகக் குறைந்தால் அதே பொருள் மின்காப்பானாகிவிடும்.

பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்த காவா, இயற்பியலாளர் ஸாகித் ஹசனுடன் இணைந்து பிஸ்மத் செலினைடை ஆராய்ந்தார். உள்ளே மின்சாரத்தைத் தடுத்து, மேற்பரப்பில் மட்டும் கடத்தும் 'டோபாலஜிகல் இன்சுலேட்டர்' வகை அது. நடைமுறையில் ஒரு சிக்கல் இருந்தது. செலினியம் எளிதில் ஆவியாகும். அது விட்டுச்செல்லும் வெற்றிடங்கள் எலெக்ட்ரான்களைத் தருவதால் படிகத்தின் உள்பகுதியும் மின்சாரத்தைக் கடத்தியது. பிஸ்மத்தைவிட ஓர் எலெக்ட்ரான் குறைவாகத் தரும் கால்சியத்தைச் சிறிதளவு சேர்த்து, அந்த உபரியை ஈடுகட்டலாம் என்று காவாவின் குழு 2009இல் காட்டியது.

எந்தத் தனிமம் எங்கே பொருந்தும், எது உலையில் ஆவியாகும், எந்தக் குறையை எதைக்கொண்டு நேர்செய்யலாம் என்பதெல்லாம் வேதியியலாளரின் அறிவு. அந்த அறிவோடுதான் 2014இல் காவாவின் குழுவினர் பல ஆண்டுகளாக அறியப்பட்டிருந்த டங்ஸ்டன் டெல்லுரைடை எடுத்துப் பார்த்தார்கள். 60 டெஸ்லா காந்தப்புலத்திலும் அதன் மின்தடை ஏறிக்கொண்டே போனது. ஆகவே, குவாண்டம் பொருள்கள் துறைக்கு வர விரும்பும் வேதியியல் மாணவர்கள் குவாண்டம் கோட்பாட்டுக்கு அஞ்சித் தயங்க வேண்டியதில்லை. தனிம அட்டவணையில் ஆழமான பிடிப்பும், இயற்பியலாளர் கேட்கும் கேள்வியைப் புரிந்துகொள்ளும் ஆர்வமும் இருந்தால் இங்கே அவர்களுக்கு இடமுண்டு.