சிக்கனத்தில் பிறந்த குட்டிக் கணினி

லண்டனைச் சேர்ந்த சயான் நிறுவனம் 1997இல் ‘சீரீஸ் 5’ என்ற கையடக்கக் கணினியை வெளியிட்டது. மூடினால் கோட்டுப் பைக்குள் அடங்கும். எடை சுமார் 350 கிராம். திறந்தால் இரு கை விரல்களாலும் தட்டச்சு செய்யலாம். கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

முதலில் அதன் கீல். சிறிய கணினியின் தொடுதிரையைப் பேனாவால் அழுத்தினால், கணினியே பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். வடிவமைப்பாளர் மார்ட்டின் ரிடிஃபோர்ட் இதற்கு அழகான தீர்வு கண்டார். மூடியைத் திறக்கும்போதே கீபோர்டு முன்னால் நழுவி வரும். திரை பின்னுக்கு விழாமல் அடிப்பாகத்தின் மேலேயே சாய்ந்து நிற்கும். எடை நடுவில் தங்குவதால் பேனாவால் அழுத்தினாலும் கணினி எளிதில் சாயாது.

அடுத்தது மின்சாரம். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற ஏஏ பேட்டரி இரண்டே போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாம். நல்ல ஆல்கலைன் பேட்டரிகள் இரண்டில் இருக்கும் ஆற்றல் சுமார் 7 வாட்-மணி. கணக்குப் போட்டால் சராசரிச் செலவு ஒரு வாட்டுக்கும் குறைவு. இன்றைய மடிக்கணினிக்குச் சில வாட்டுகள் வேண்டும்.

இந்தச் சிக்கனம் எப்படிக் கைகூடியது? அதன் ஆர்ம் செயலியின் வேகம் 18 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு விசையைத் தட்டி அடுத்ததைத் தட்டுவதற்குள் கிடைக்கும் இடைவெளியிலும் அது உறங்கிவிடும். சுழலும் வட்டு கிடையாது. சாம்பல் நிறத் திரை அறை வெளிச்சத்திலேயே தெரியும். பின்விளக்கு வேண்டும்போது மட்டும். மென்பொருள் நிரந்தர நினைவகத்திலேயே பதிந்திருப்பதால், பொத்தானை அழுத்தியதும் விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கலாம்.

இதற்காக எழுதப்பட்ட இபாக் இயங்குதளம்தான் பின்னர் சிம்பியனாக உருவெடுத்து, கோடிக்கணக்கான நோக்கியா கைப்பேசிகளை இயக்கியது. சயானோ 2001இல் இந்தச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது. ஆனால் இத்தகைய கணினி மீதான ஆசை அடங்கவில்லை: கீபோர்டுடன் 2018இல் வந்த ‘ஜெமினி’ கையடக்கக் கணினியின் வடிவமைப்பிலும் ரிடிஃபோர்டின் கை உண்டு.

நம் கைப்பேசிகள் சீரீஸ் 5ஐவிட எத்தனையோ மடங்கு வலிமை பெற்றவை. இருந்தும் ஒரு நீண்ட கடிதத்தைக் கண்ணாடித் திரையில் தட்டிப் பாருங்கள், குறை புரியும். ஒரு கருவி எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்து, அதற்கு வேண்டாததையெல்லாம் விலக்கினால் சின்னஞ்சிறு கணினியும் முழுமையானதாகிவிடும். அந்த ஒழுக்கத்தை இன்றைய பொறியாளர்கள் திரும்பப் படிக்க வேண்டும்.