அத்தை படிக்காத கடைசிப் பாகம்

"உனக்கு மட்டும் எப்படிம்மா புஸ்தகம் படிக்க நேரம் கிடைக்குது?" என்று பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கேட்காத நாளே கிடையாது.

நியாயமான கேள்விதான். எங்களுடையது மளிகைக் கடை வீடு. திருச்சி உறையூரில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. காலை நாலே முக்காலுக்கு எழுந்தால் பால், காபி, இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன், சாப்பாட்டு டப்பா என்று எட்டரை மணி வரை உட்கார முடியாது. பிறகு கடை வேலை. மூட்டையில் வந்த துவரம்பருப்பைப் புடைத்துக் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்ட வேண்டும். மிளகாய் வற்றல் பொட்டலம் போட்டால் ராத்திரி வரை கை எரியும். நடுவில் சமையல். அவர் சாப்பிட உள்ளே வந்தால் கல்லாவில் நான். இதையெல்லாம் யாரும் 'வேலை' என்று கணக்கில் சேர்ப்பதில்லை. "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றுதான் பெயர்!

ஆனாலும் மத்தியானம் இரண்டரையிலிருந்து மூன்று வரை என்னை யாரும் கூப்பிடக்கூடாது. அந்த அரை மணி நேரம் எனக்கும் என் மாமியாருக்கும் சொந்தம். இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வீட்டை ஒழித்தோம். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே பழுத்துப்போன பத்திரிகைத் தாள்கள். கோணி ஊசியால் குத்திச் சணலால் தைத்த கட்டுகள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. "இதையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாமா?" என்று நான் கேட்டதுதான் தாமதம், திண்ணையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அதுல மட்டும் கை வைக்காதே!"

அத்தை அப்படிப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. எங்களுக்குள் பேச்சு அவ்வளவாகக் கிடையாது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவர் சொல்ல, நான் இருந்த அலுப்பில், "அப்போ நீங்களே சமைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். "இனிமே இந்த அடுக்களையிலே கால் வைக்க மாட்டேன்" என்றார். வைக்கவும் இல்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவார், எழுந்து போய்விடுவார். உப்பைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மௌனம்தான் எனக்குத் தண்டனை.

பெட்டியின் கதையை அன்று ராத்திரி அவர்தான் சொன்னார். அத்தை 1967ல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது 18 வயசு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பொட்டலம் மடிக்க மாமா பழைய பத்திரிகைகளைக் கிலோக் கணக்கில் வாங்கிப் போடுவாராம். அதில் தொடர்கதை வந்த தாள்களை மட்டும் அத்தை தனியாக எடுத்து ஒளித்து வைத்துவிடுவார். மாமாவுக்குத் தெரிந்தால் திட்டு விழும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வரிசைப்படுத்தித் தைத்து, அடுப்பங்கரை விளக்கில் படிப்பாராம். அப்படிச் சேர்ந்த கட்டுகளில் பெரியது கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த கதை. யாரோ வீட்டைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட பழைய தாள்கள் இவர் கையில் கிடைத்திருக்கின்றன.

இப்போது அத்தைக்கு அதைப் படிக்க முடியாது. இருபது வருஷமாகச் சர்க்கரை. கண்புரை ஆபரேஷன் ஆகியும் எழுத்து தெரியவில்லை. சர்க்கரையால் விழித்திரை கெட்டுப் போயிருக்கிறது, போன பார்வை முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். (சர்க்கரை உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருஷம் ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக் கொள்ள வேண்டுமாம். எங்களுக்கு அது காலம் கடந்துதான் தெரிந்தது. நீங்களாவது தள்ளிப் போடாதீர்கள்.)

மறுநாள் மத்தியானம் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் படிக்கட்டுமா, அத்தை?" பதில் இல்லை. காலை மட்டும் மடக்கி இடம் விட்டார்.

ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், இரண்டு அத்தியாயம். தொடர்கதையாக எழுதியதில் ஒரு சௌகரியம், சகோதரிகளே! அத்தியாயம் சின்னது. முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு. அடுத்த நாள் எப்போது வரும் என்று மனசு அடித்துக் கொள்ளும். நம்மைப் போல நடுவில் பால் பொங்கி எழுந்து ஓடுகிறவர்களுக்கென்றே எழுதினாற்போல் இருக்கும். படித்த பகுதியை நினைத்துக் கொண்டே பருப்பு புடைத்தால் மூட்டை தீர்ந்ததே தெரியாது.

எனக்கும் நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்துவிட்டது. தாளைக் கையெட்டும் தூரம் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்து, "முதல்ல கண்ணாடி போடு. என்னை மாதிரி ஆகாதே" என்றார் அத்தை. அதுதான் முதல் பேச்சு.

மூன்று பாகம் முடிந்தது. நான்காம் பாகத்தில் பல்லவர் படை வாதாபியை நெருங்குகிற இடத்தோடு கட்டு அறுந்து போயிருந்தது. மீதித் தாள்கள் யார் வீட்டுக்கு மல்லி, மிளகு மடித்துப் போயினவோ!

"அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுமா, அத்தை?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? மாமல்லன் வாதாபியை எரிச்சு, சிவகாமியைக் கூட்டிட்டு வந்து கல்யாணம் கட்டிக்கிட்டான். உன் புருஷனுக்கும் நாத்தனாருக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தானே சோறு ஊட்டினேன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. லால்குடியில் பத்தாவது படித்துவிட்டு லீவில் இருந்தபோது, கிளை நூலகத்தில் முழுப் புத்தகத்தையும் நான் படித்திருக்கிறேன். அந்த நான்காம் பாகத்தின் பெயரே 'சிதைந்த கனவு'. கல்யாணம் நடக்கவே இல்லை. ஐம்பது வருஷமாக அத்தை மனசில் நடத்தி வைத்திருந்த கல்யாணத்தை நான் போய்க் கலைப்பதா?

அவரிடம் சொன்னேன். "அம்மாவுக்கு வயசாச்சு. கல்யாணம் ஆச்சுன்னே படிச்சுடேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தும், வாதாபி விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தலைவலி, கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் அத்தையே கேட்டார். "ஏன் மழுப்பறே? கதை வேற மாதிரிப் போகுதா?"

இதற்கு மேல் எப்படி ஏமாற்றுவது? படித்தேன். மாமல்லர் பாண்டிய குமாரியை மணந்து குழந்தைகளும் பெற்றுவிட்டதை, சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்ததை, எல்லாம் படித்தேன். கடைசி வரிகளில் எனக்குத் தொண்டை அடைத்தது.

அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெள்ளச் சொன்னார். "சரியாத்தான் எழுதியிருக்காரு. கூட்டிப் போக வந்தவன்கிட்டே, ஊரை எரிச்சாத்தான் வருவேன்னு ஒரு வார்த்தை விட்டா. ஊர் எரிஞ்சுது. அவ வாழ்க்கையும் சேர்ந்து போச்சு. பொம்பளைக்கு ரோஷம் வேணும்தான். ஆனா எங்கே இறக்கி வைக்கணும்னு தெரியணும்."

கொஞ்ச நேரம் கழித்து, "நானும்தான் ஒரு சபதம் போட்டேன்..." என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. "நான் சொன்னதும் தப்புதான், அத்தை" என்றேன். ஐந்து வருஷமல்ல, ஐம்பது வருஷமானாலும் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

மறுநாள் காலை சுவரைத் தடவிக் கொண்டே அடுக்களைக்கு வந்தார். கரண்டியில் குழம்பை எடுத்துக் கையில் விட்டுக் கொடுத்தேன். நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். இத்தனை சந்தோஷமாக நான் உப்பு போட்டதே இல்லை!

அதன் பிறகு நிற்கவில்லை. சிரிக்க வேண்டுமென்றால் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. அத்தைக்கு மிகவும் பிடித்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிக்கூடமே போகாதவர். ஆரம்பத்தில் அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினாராம். அப்படித் தொடங்கியவர் 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் நடத்தி, நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதிவிட்டு 1960ல் மறைந்தார். "அவங்க வீட்டிலேயும் அடுப்பு இருந்திருக்கும்ல?" என்பார் அத்தை. நேரமில்லை என்று நான் சலித்துக் கொள்ளும்போதெல்லாம் இதுதான் பதில்.

பழைய நாவல்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கிளை நூலகத்தில் கிடைக்கும். கல்கியின் நூல்கள் அரசுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்புகளும் உண்டு. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனில் எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கித் தருவார்கள்.

வீட்டில் பழைய பைண்டு புத்தகம் இருந்தால் வெயிலில் போடாதீர்கள், தாள் நொறுங்கிவிடும். நிழலில் காற்றாட விரித்து, மெல்லிய துணியால் தூசி தட்டி, காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து பெட்டியில் போட்டு வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், பூச்சி குறைந்திருக்கிறது.

வேலை முடிந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் படிக்கவே முடியாது. நம் வேலைக்கு ஏது முடிவு? அரிசி களைவது போல, விளக்கேற்றுவது போல, அந்த அரை மணியையும் அன்றாடத்தில் சேர்த்துவிட வேண்டும். கண் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் வாய்விட்டுப் படியுங்கள்.

மணி இரண்டரை ஆகப் போகிறது. அத்தை காலை மடக்கி இடம் விட்டாயிற்று. வரட்டுமா?