கோல் காவலன்

கால்பந்தாட்டத்தைக் காணச் செல்வோர் கண்கள் பெரும்பாலும் பந்தையே தொடர்ந்து செல்லும். பந்து மைதானத்தின் ஒரு கோடியில் இருக்கும்போது, மற்றொரு கோடியில் இரு கம்பங்களுக்கிடையே தன்னந்தனியே நிற்கும் ஒருவனை எவரும் நோக்குவதில்லை. அவனே கோல் காவலன். பந்து அவனிடம் வருங்கால் மட்டுமே உலகம் அவனை நினைக்கின்றது. அது அவனைக் கடந்து வலையில் வீழ்ந்துவிட்டாலோ, பல நாள் அவனை மறப்பதில்லை. முன்னணியில் ஆடுவோன் பத்து முறை தவறிப் பதினோராம் முறை கோல் போட்டானாயின் வீரன் எனப் புகழப்படுகிறான். காவலன் பத்து முறை தடுத்துப் பதினோராம் முறை தவறினானாயின் தோல்விக்குக் காரணன் என இகழப்படுகிறான். இக்கடினமான பணியையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வோர் நிலை எத்தகையது என்பதையும், அவருள் ஒருவர் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இங்கிலாந்தில் 1863-ம் ஆண்டில் கால்பந்துச் சங்கத்தார் ஆட்ட விதிகளை முதன்முதல் வகுத்தபோது, காவலன் என்னும் பெயரே அவற்றில் இடம்பெறவில்லை. 1871-ம் ஆண்டிலேதான் கட்சிக்கு ஒருவன் மட்டும் கையாற் பந்தைத் தடுக்கலாம் என்னும் விதி ஏற்பட்டது. 1909-ம் ஆண்டில் அவன் தன் கட்சியாரினின்று வேறான நிறச் சட்டை அணிதல் வேண்டும் என விதித்தனர். 1912-ம் ஆண்டில் அவனுடைய கையுரிமை பெனால்டி எல்லைக்குள் மட்டுமே செல்லும் என வரையறுத்தனர். ஆகவே உரிமையாலும் உடையாலும் அவன் ஏனைய பதின்மரினின்று வேறுபட்டவன்.

அவன் காக்க வேண்டிய வாயில் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ளது. எத்துணை நெடியோனாயினும் நின்ற இடத்தில் நின்றே அதனைக் காத்தல் இயலாது. எனவே, பந்தை உதைப்போனை நோக்கி அவன் முன்னேறிச் செல்கிறான். அங்ஙனம் செல்லச் செல்ல, உதைப்போன் கண்ணுக்கு வாயிலின் இருபுறமும் உள்ள இடைவெளி குறுகும். அளவு கடந்து முன்னேறிவிட்டாலோ, பந்து அவன் தலைக்கு மேலாகச் சென்று வீழும். எத்தனை அடி வைப்பது, எக்கணத்தில் வைப்பது என்பதைப் பழக்கத்தால் அறிதலே இத்தொழிலின் உயிர்நாடி. சில வேளைகளில் வேறு வழியின்றி, ஓடிவருவோன் காலடியில் தலைமுன்னாகப் பாய்ந்து பந்தைப் பற்ற வேண்டியும் நேரும். அப்பாய்ச்சலில் உள்ள அபாயம் எத்தகையது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நாம் கூறவந்தவர் பெர்ன்ஹார்ட் டிரௌட்மன் என்னும் ஜெர்மானியர். ஆங்கிலேயர் அவரைப் பெர்ட் என்றே அழைத்தனர். அவர் 1923-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி பிரெமன் நகரில் பிறந்தார். சிறு பருவத்திலேயே ஹிட்லரின் இளைஞர் இயக்கத்திற் சேர்ந்தார். பதினேழாம் வயதில் போர்ப்பணி ஏற்றார். பாரசூட் படை வீரராக ருஷிய முனையிலும் பின்னர் மேற்கு முனையிலும் போரிட்டு, இரும்புச் சிலுவை என்னும் விருதும் பெற்றார். ருஷிய முனையில், யூத மக்களைக் காட்டினிடையே கூட்டமாகச் சுட்டுக் கொன்றதைத் தாம் கண்ணாற் கண்டதாகப் பிற்காலத்தில் அவரே கூறினார்.

1945-ம் ஆண்டில் அவர் பிரிட்டிஷாரிடம் சிக்கி, யுத்தக் கைதியாக இங்கிலாந்து சேர்ந்தார். நாஜிக் கொள்கையில் ஊறியவர் என்றே அதிகாரிகள் முதலில் அவரை வகுத்தனர். லங்காஷயரில் ஆஷ்டன் என்னும் ஊருக்கருகே இருந்த கைதிகள் முகாமில் கால்பந்தாட்டம் நடைபெற்றது. ஆங்கு மைதான நடுவில் ஆடிவந்த டிரௌட்மன், ஒரு நாள் ஆட்டத்தில் அடிபட்டமையால், காவலனாக நின்ற நண்பரோடு இடம் மாற்றிக்கொண்டார். பதினைந்தாண்டுத் தொழில் இங்ஙனம் ஒரு காயத்தினால் தொடங்கிற்று.

1948-ம் ஆண்டில் விடுதலை பெற்ற பின்னரும் அவர் தாயகம் திரும்பவில்லை. பண்ணையில் வேலை செய்தார். ஜெர்மானியர் வீசி வெடியாது கிடந்த குண்டுகளை அகற்றும் பணியிலும் ஈடுபட்டார். ஓய்வு நாட்களில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்னும் சிறு சங்கத்துக்குக் காவலராக ஆடினார். அவருடைய திறமை பெருஞ் சங்கங்களின் காதுக்கு எட்டிற்று. 1949-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மான்செஸ்டர் ஸிட்டி சங்கத்தார் அவரைச் சேர்த்துக்கொண்டனர்.

அச்செய்தி வெளிவந்ததும் நகரம் கொதித்தெழுந்தது. போர் முடிந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. மகனை இழந்த தாயரும், கணவனை இழந்த மனைவியரும் அந்நகரில் பலர். யூத மக்களும் அங்கே பெருந்தொகையினராக வாழ்ந்தனர். ஏறக்குறைய 20,000 பேர் கூடித் தம் எதிர்ப்பைக் காட்டினர் என்பர். அவர்கள் துயரம் பொய்யன்று. அதனை இகழ்வார் அறிவுடையார் ஆகார்.

அவ்வேளையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஆல்ட்மன் என்பார் ஒரு கடிதம் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். அவர் மான்செஸ்டர் யூதர்களின் சமயகுரு. நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1938-ம் ஆண்டில் ஜெர்மனியினின்று தப்பி வந்தவர். தம் பெற்றோரை ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்குப் பறிகொடுத்தவர். வெறுப்புக் கொள்ள உரிமை ஒருவருக்கு உண்டெனில் அஃது அவருக்கே உண்டு. அவரோ, ஜெர்மானியரால் தாம் பட்ட கொடுமைகள் அளவிறந்தன எனினும், அக்குற்றங்களோடு தொடர்பற்ற தனி மனிதன் ஒருவனை வெறுப்பினால் தண்டித்தல் கூடாது என்றும், ஒவ்வொருவனையும் அவனவன் தகுதி கொண்டே தீர்மானித்தல் வேண்டும் என்றும் எழுதினார். நார்மண்டியில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டவரான கட்சித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட் என்பாரும், ஆட்டக்காரர் உடைமாற்றும் அறைக்குள் போர் ஏதும் இல்லை எனக் கூறி அவரை வரவேற்றார்.

ஆயினும் அயலூர் மைதானங்களில் வசைமொழி ஓயவில்லை. 1950-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லண்டன் மாநகரில் ஃபுல்ஹாம் சங்கத்தோடு ஆட்டம் நடந்தது. கூட்டத்தினர் அவரை நாஜி என்று கூவினர். அவரோ வந்த பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார். அவர் கட்சி ஒரே கோலில் தோற்றது. ஆட்டம் முடிந்து அவர் மைதானத்தை விட்டுச் செல்லுங்கால், இரு கட்சி ஆட்டக்காரரும் இருபுறமும் நின்று கைகொட்டினர்.

1955-ம் ஆண்டில் இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பைக்குரிய இறுதிப் பந்தயத்தில் அவர் கட்சி நியூகாஸிலிடம் தோற்றது. மறுவருஷம், 1956-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி, மீண்டும் வெம்ப்ளி மைதானத்தில் இறுதிப் பந்தயம் ஆடினர். எதிர்க்கட்சி பர்மிங்ஹாம் ஸிட்டி. ஆட்டம் முடிய ஏறக்குறையப் பதினேழு நிமிஷங்கள் இருக்கையில், பந்தோடு ஓடிவந்த பீட்டர் மர்ஃபியின் காலடியில் டிரௌட்மன் பாய்ந்தார். பந்து கைக்குள் அகப்பட்டது. மர்ஃபியின் கால் கழுத்திற் பட்டது. அவர் மூர்ச்சித்து வீழ்ந்தார். அடிபட்டவனுக்குப் பதிலாக வேறொருவனை இறக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் அவ்விதி வந்ததே 1965-ம் ஆண்டில்தான். ஆகவே தெளிந்தெழுந்த அவர், தலை சுழலக் கண் மங்க நின்று, மேலும் வந்த பந்துகளையும் தடுத்தார். அவர் கட்சி மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றது. சில நாட்களுக்குப்பின் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது, கழுத்தெலும்புகளில் ஐந்து இடம் பெயர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்று பிளந்திருந்தது. அடுத்த எலும்பு அதனோடு நெருங்கிப் பொருந்தியிருந்தமையாலேயே உயிர் தப்பினார். அவ்வாண்டின் சிறந்த கால்பந்து வீரர் என்னும் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. அதுகாறும் காவலர் எவரும் அதனைப் பெற்றிலர்.

புகழின் உச்சியில் துயரமும் வந்தது. சில வாரங்களுக்குள் அவருடைய இளமைந்தன் மோட்டார் விபத்தில் இறந்தான். பல மாதங்கள் சிகிச்சை பெற்று மீண்டும் ஆடத் தொடங்கியபோது, பழைய உறுதி உடனே திரும்பவில்லை. எனினும் மனந்தளராது 1964-ம் ஆண்டு வரை ஆடினார். மான்செஸ்டர் ஸிட்டிக்காக அவர் ஆடிய பந்தயங்கள் 545. தாய்நாட்டுக்காகவோ ஒரு பந்தயமும் ஆடவில்லை. அயல்நாட்டில் ஆடுவோரை ஜெர்மானியப் பயிற்சியாளர் சேர்த்துக்கொள்ளாமையே காரணம். பொருளும் மிகுதியாகச் சேரவில்லை. சங்கங்கள் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்திற்கு உச்ச வரம்பு இருந்தது. 1958-ம் ஆண்டிற்கூட அது வாரத்திற்கு 20 பவுனே. 1961-ம் ஆண்டில் வரம்பு நீங்கியபோது அவருக்கு வயது முப்பத்தேழு.

1964-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அவருக்குப் பிரிவுபசார ஆட்டம் நடத்தப்பட்டது. ஏறக்குறைய 47,000 பேர் திரண்டனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எந்நகரம் அவரை வேண்டாவென்று திரண்டதோ, அந்நகரமே அவரைப் பிரிய மனமின்றித் திரண்டது. பின்னர் அவர் பர்மா, டான்ஸானியா, லைபீரியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளில் இளைஞருக்கு ஆட்டம் பயிற்றினார். ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியருக்கும் இடையே நட்பை வளர்த்தமைக்காக 2004-ம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் விருது பெற்றார். 2013-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி ஸ்பெயின் தேசத்தில் காலமானார்.

இவ்வரலாற்றினின்று நாம் அறிவது யாது? திறமையான ஆட்டம் ஒரு நாட்டின் குற்றத்தைக் கழுவிவிடும் என்பதன்று. மாண்டவர் மாண்டவரே, அவரை மறத்தல் நீதியாகாது. தாம் வளர்ந்த கொள்கை பொய் என்பதை டிரௌட்மனும் மறைத்தாரில்லை; இங்கிலாந்து வந்த பின்னரே தம் கல்வி தொடங்கிற்று என அவர் கூறுவதுண்டு. ஆனால், ஒரு மனிதனை அவனுடைய கூட்டத்தின் பெயரால் தீர்மானித்தல் எளிது; அவனையே நோக்கித் தீர்மானித்தல் அரிது. அவ்வரிய செயலை முதலிற் செய்தவர் ஆல்ட்மன். அவர் அளித்த வாய்ப்புக்குத் தம் வாழ்நாளாற் கைம்மாறு செய்தவர் டிரௌட்மன். முன்னவர் இல்லையேல் பின்னவர் வரலாறு இல்லை.

அன்பர்களே! அடுத்த முறை நம் மைதானத்திற்குச் செல்லுங்கால், பந்து மறுகோடியில் இருக்கும்போது, கம்பங்களுக்கிடையே தனித்து நிற்பவனையும் ஒரு கணம் நோக்குங்கள்.