இரை தின்னாத தொட்டிமீன்

கண்ணாடித்தொட்டி மீன் இரை தின்னாதொழிந்தால், முதலிற் சோதிக்கவேண்டியது நீரையே. மருந்தைப் பின்னர் நாடலாம். கழிவும் மிஞ்சிய இரையும் அழுகுவதால் உண்டாகும் அமோனியா, மீன் மூச்சுவிடும் பூக்களைப் புண்ணாக்கும். வன்னியின் கோடை வெப்பத்தில் நீரிற் கரைந்த ஒட்சிசனும் குறையும்.

இரண்டு நாள் இரையை நிறுத்துக. வளர்ந்த மீன் அதனால் இறவாது. நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றுக. வெள்ளத்தின் பின் குளோரின் இட்ட கிணற்றுநீர் மனிதர்க்கு நலம், மீனுக்கோ நஞ்சு. அந்நீரை வாயகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்து, மணம் முற்றாக நீங்கிய பின்னரே ஊற்றுதல் வேண்டும்.

உடலில் உப்புப்பரல் போன்ற வெண்புள்ளிகள் காணப்படின் அது ஒட்டுண்ணி நோயாகும். 10 லீற்றருக்கு 20 கிராம் கல்லுப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்குக. ஆனையிறவு உப்பே போதும். கெளிற்றினங்கள் உப்பைத் தாங்கா. புள்ளிகள் மறைந்தவுடன் உப்புநீரை அகற்றலாகாது. ஒட்டுண்ணி தொட்டியின் அடியிற் பெருகிக்கொண்டிருக்கும்.