குண்டுவெடிப்புகளுக்கு மத்தியில் கண்டெடுக்கப்பட்ட குரல்கள்

பெரும் இசைத்தட்டு நிறுவனங்கள் தலைநகரங்களிலேயே நிலைகொண்டிருப்பன. தொலைதூர நகரொன்றின் பின்வீதியில் நான்கைந்து இளைஞர்கள் கிற்றார்களோடு பயிற்சி செய்வதை அவை தேடிச் சென்று கேட்பதில்லை. பெருநிறுவனங்களைச் சாராது, தமது முயற்சியாலும் சிறு வெளியீட்டாளர்களின் துணையாலும் பாடல்களை வெளியிடும் இத்தகையோரையே மேலைநாட்டவர் 'இண்டி' இசைக்குழுக்கள் என்பர். சுயாதீன இசைக்குழுக்கள் என நாம் இதனைத் தமிழாக்கலாம். இவர்களை முதலில் இனங்காண்பவர் யார்? 1970 களின் பிற்பகுதியில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் நிகழ்ந்தவை இக்கேள்விக்குத் தெளிவான விடையைத் தருகின்றன.

அக்காலத்தில் அந்நகர் இரு சமூகங்களாகப் பிளவுண்டு கிடந்தது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் வெவ்வேறு வீதிகளில் வாழ்ந்தனர். வெவ்வேறு பாடசாலைகளில் கற்றனர். நகரின் மத்திய பகுதி பாதுகாப்புத் தடுப்புகளால் சூழப்பட்டு, உள்நுழைவோர் சோதனைக்குட்படுத்தப்பட்டனர். இருள் சூழ்ந்ததும் வீதிகள் வெறிச்சோடின. இக்காட்சியை எமது வாசகர்களுக்கு விபரிக்கத் தேவையில்லை. 1975 ஜூலை 31 ஆம் திகதி, நிகழ்ச்சியொன்றை முடித்துக்கொண்டு டப்ளினுக்குத் திரும்பிய மியாமி ஷோபாண்ட் இசைக்குழுவினரின் வாகனம் போலிச் சோதனைச் சாவடியொன்றில் நிறுத்தப்பட்டு, கலைஞர்கள் மூவர் கொல்லப்பட்டனர். இரு சமயத்தவரும் இணைந்திருந்த குழு அது. அதன் பின்னர் வெளியிலிருந்து அங்கு சென்று பாடுவதற்குப் பலரும் தயங்கினர். 1977 ஒக்டோபரில் 'த கிளாஷ்' குழுவின் பெல்பாஸ்ட் நிகழ்ச்சியும் காப்புறுதி மறுக்கப்பட்டதால் இறுதி நேரத்தில் கைவிடப்பட்டது.

வெளியார் வராத இடத்தில் உள்ளூரார் தாமே பாடத் தலைப்பட்டனர். அடிக்கடி குண்டுவெடிப்புக்கு இலக்கான கிரேட் விக்டோரியா வீதியில் ரெரி ஹூலி என்பவர் 'குட் வைப்ரேஷன்ஸ்' எனும் இசைத்தட்டுக் கடையை நடத்தி வந்தார். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர் அவர். வணிகத்தில் சாமர்த்தியசாலி என அவரை எவரும் கூறமாட்டார். 'ரூடி' என்ற உள்ளூர்க் குழுவின் பாடலைக் கேட்டு மயங்கிய அவர், அதனை வெளியிடுவதற்கென்றே 1978 இல் கடையின் பெயரில் வெளியீட்டகம் ஒன்றை ஆரம்பித்தார். அவ்வாண்டில் ஹில் வீதியிலிருந்த 'ஹார்ப் பார்' எனும் மதுச்சாலை இக்குழுக்களின் மேடையாகியது. அங்கு வந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் எச்சமயத்தவர் என விசாரிக்கவில்லை என்பதே அவ்விடத்தின் சிறப்பு. இது போரை நிறுத்திவிடவில்லை. 1998 இல் பெரிய வெள்ளி உடன்படிக்கை எட்டப்படும் வரையிலான மூன்று தசாப்தங்களில் சுமார் 3,500 பேர் உயிரிழந்தனர். இசை சமாதானத்தைக் கொண்டுவந்தது எனப் பிற்காலத்தில் எழுதுவோர் மிகைப்படுத்துகின்றனர் என்றே கூற வேண்டும். எனினும், இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் நின்ற சில இரவுகள் அற்பமானவையல்ல.

டெரி நகரைச் சேர்ந்த 'த அண்டர்டோன்ஸ்' குழுவின் கதை இதிலிருந்தே கிளைக்கிறது. நிறுவனங்களால் நிராகரிக்கப்பட்டு, கலைந்துவிடும் நிலையிலிருந்த ஐவர் அவர்கள். ஹூலியின் வெளியீட்டகத்திற்காக 1978 ஜூனில் சுமார் 200 பவுண் செலவில் நான்கு பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். உறைக்கும் பணமில்லை. அச்சிட்ட பெரிய தாளைக் கையால் மடித்தே இசைத்தட்டின் உறையாக்கினர். பிரதியொன்று பி.பி.சி. முதலாம் வானொலியின் ஜோன் பீலைச் சென்றடைந்தது. பின்னிரவு வேளைகளில் எவரும் அறியாத குழுக்களை ஒலிபரப்புவதையே தொழிலாகக் கொண்டிருந்த அவர், 'டீனேஜ் கிக்ஸ்' பாடலைச் செப்டெம்பரில் அடுத்தடுத்து இருமுறை ஒலிக்கவிட்டார். சிறிது நாட்களிலேயே அமெரிக்காவின் சயர் நிறுவனம் அக்குழுவை ஒப்பந்தம் செய்தது. பிரித்தானியத் தரவரிசையில் அப்பாடல் 31 ஆம் இடத்தை எட்டியது.

ஊன்றி நோக்கின், இங்கு மேதாவிலாசம் மட்டும் தொழிற்படவில்லை. பாடிப் பழக ஒரு மேடை, குறைந்த செலவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம், நட்டத்திற்கு அஞ்சாத ஒரு கடைக்காரர், நாடு முழுவதும் கேட்கும் ஒரு வானொலி ஆகியன ஒரே காலத்தில் அமைந்தன. இவற்றுள் ஒன்று இல்லாதிருப்பினும் அப்பாடல் டெரியின் மதுச்சாலைச் சுவர்களைத் தாண்டியிராது. இன்று எவரும் வீட்டிலிருந்தே பாடலைப் பதிவுசெய்து உலகிற்கு அனுப்பலாம். ஆயினும், குவிந்து கிடப்பவற்றைப் பொறுமையோடு கேட்டு, இது நல்லது எனத் துணிந்து உரைக்கும் செவிகள் அதே வேகத்தில் பெருகியதாகத் தெரியவில்லை.

ஹூலிக்கு இதனால் செல்வம் சேரவில்லை. 1982 இல் அவர் வங்குரோத்து நிலையை அடைந்தார். கடை பின்னர் பலமுறை திறக்கப்பட்டது, பலமுறை மூடப்பட்டது. பீல் 2004 இல் பெரு நாட்டில் காலமானார். அவரது விருப்பத்திற்கிணங்க, டெரி இளைஞர்களின் அப்பாடல் வரியொன்று அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்த 'ரூடி' குழுவினரோ, முழுநீள இசைத்தட்டு ஒன்றையேனும் வெளியிடாமலே 1982 இல் கலைந்து சென்றனர்.