எதுவும் பிடிக்காமல் போகும்போது

காபி தொண்டையில் இறங்குகிறது, ருசி தெரியவில்லை. பேரன் ஓடி வந்து மடியில் ஏறுகிறான். கை பழக்கத்தில் அவன் தலையைத் தடவுகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. இருபது வருடமாக விடாமல் கேட்ட பாட்டு இப்போது வெறும் சத்தம். இப்படி இருப்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், கல்யாண வீட்டில் எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் “கவலைன்னு ஒண்ணும் இல்ல, எதுலயும் மனசு ஒட்டமாட்டேங்குது” என்கிறார்கள்.

மருத்துவத்தில் இந்த நிலைக்கு அன்ஹிடோனியா என்று பெயர். 1896-ல் தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் வைத்தது. மகிழ்ச்சியை உணரும் திறன் குன்றிப்போவதுதான் அதன் பொருள். நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பெயர்கள் வேறு: சோம்பேறித்தனம், திமிர், வசதி கூடிப்போன கொழுப்பு. அந்தப் பெயர்களால்தான் பலர் மருத்துவரிடம் போகாமலே வருடங்களைக் கழிக்கிறார்கள்.

அழாதவர்களுக்கும் மனச்சோர்வு வரும்

மனச்சோர்வு நோய் என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. நோயைக் கண்டறியும் விதி அப்படிச் சொல்லவில்லை. அதில் இரண்டு முதன்மை அறிகுறிகள் உண்டு. ஒன்று, நாள் முழுக்கத் தொடரும் துயரம். மற்றொன்று, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போவது. இவற்றில் ஏதாவது ஒன்று, தூக்கம், பசி, களைப்பு, கவனக் குறைவு போன்ற மற்ற அறிகுறிகளோடு சேர்ந்து, 2 வாரத்துக்குக் குறையாமல் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். அதாவது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமலே ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் 9 கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் படிவத்தில் முதல் கேள்வியே இதுதான்: கடந்த 2 வாரங்களில், எதையும் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? துயரம் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒரு நாள், இரண்டு நாள் சலிப்பு எல்லோருக்கும் உண்டு. நெருங்கியவரை இழந்த துக்கத்திலும் எதுவும் ருசிக்காது. அங்கெல்லாம் அவ்வப்போதாவது மனம் இளகும், பழைய நினைவு ஒன்று வந்தால் சிரிப்போ அழுகையோ எட்டிப் பார்க்கும். வாரக்கணக்கில் இரண்டுமே வராமல் மரத்துக் கிடப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நாடுவது வேறு, சுவைப்பது வேறு

1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மின்கம்பி பொருத்தினார்கள். அந்தப் பகுதியைத் தூண்டிக்கொள்வதற்காக எலி ஒரு விசையை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. மூளையின் இன்ப மையம் கிடைத்துவிட்டது என்று உலகம் நம்பியது. பின்னால் அதோடு டோபமைன் என்ற வேதிப்பொருளின் பெயரும் சேர்ந்துகொண்டது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டார். டோபமைன் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட எலி, தட்டில் உணவு இருந்தும் எழுந்து போய்த் தின்னவில்லை. ஆனால் அதன் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டதும் மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கி ரசித்தது. டோபமைனின் வேலை இன்பத்தைச் சுவைக்க வைப்பது அல்ல, அதை நோக்கி நம்மை எழுப்பி நடக்க வைப்பது. சுவைப்பதற்கு மூளையில் வேறு ஏற்பாடு இருக்கிறது.

மனிதர்களிடமும் இதற்கு இணையானதைப் பார்க்க முடிகிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், அவர்களும் மற்றவர்களைப் போலவே இனிப்பை விரும்பினார்கள். வேறு ஆய்வுகளில், அதிகப் பலனுக்காகக் கூடுதலாக உழைக்க வேண்டிய இடத்தில்தான் அவர்கள் பின்வாங்கினார்கள். எல்லோருக்கும் இப்படியே என்று சொல்லிவிட முடியாது. சிலருக்குச் சுவைக்கும் திறனே மங்கியிருக்கும். என்றாலும், பலருக்கு முதலில் அறுந்துபோவது நாட்டம். ‘போனால் நன்றாக இருக்கும்’ என்று மனம் முன்கூட்டியே சொல்லும் அந்தக் குரல் நின்றுவிடுகிறது. போகாததால் சந்தோஷம் கிடைப்பதில்லை. கிடைக்காததால் நாட்டம் இன்னும் குறைகிறது.

“மனசு சரியாகட்டும், அப்புறம் எல்லாம் செய்யலாம்” என்று காத்திருப்பது பலன் தராமல் போவது இதனால்தான். இந்த நிலையில் செயல் முன்னால் போக வேண்டும், விருப்பம் பின்னால் வரும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

மனநல மருத்துவரிடம் போவதற்கு முன்போ, போகும்போதோ, சில எளிய பரிசோதனைகள் செய்துகொள்வது அவசியம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு மூன்றும் மனதை மந்தமாக்கும். மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே ஆர்வம் வற்றிப்போவது உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகும் வரலாம். பிள்ளை பெற்ற தாய்க்குக் குழந்தையின் மேல் ஒட்டுதல் வரவில்லை என்றால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசாதீர்கள், மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

குடியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுத்திய பின் வரும் வாரங்களில், சிலருக்கு மாதக்கணக்கிலும், உலகமே சப்பென்று இருக்கும். ‘குடிக்காமல் இருந்தால் வாழ்க்கையே இல்லை’ என்று நினைத்துப் பலர் மறுபடி வழுக்குவது இந்தக் கட்டத்தில்தான். பழகிய தூண்டுதல் இல்லாமல் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும் காலம் அது. அது கடந்துபோகும். தினமும் நிறையக் குடித்து வந்தவர்கள் திடீரென்று தாங்களாகவே நிறுத்தினால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கோவாவில் கிடைத்த பாடம்

எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது கோவாவில் நடந்த ஒரு வேலை. விக்ரம் படேல் என்ற ஆய்வாளரின் தலைமையில் சங்காத் என்ற அமைப்பு, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரைத் தேர்ந்தெடுத்தது. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு சற்று மேம்படுத்தித் தரப்பட்டது. மற்றவர்களுக்கு அதோடு ஓர் ஆலோசகரும் கிடைத்தார். அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். சுகாதார நிலையத்திலோ வீட்டுக்கே போயோ 6 முதல் 8 முறை சந்தித்தார்கள். விட்டுப்போன செயல்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாழ்க்கைக்குள் கொண்டுவருவது, அதற்குக் குறுக்கே நிற்கும் சிக்கலை உட்கார்ந்து பேசித் தீர்ப்பது: இதுதான் அவர்களுடைய வைத்தியத்தின் மையம். 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசகர் கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் நோய் நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 39 சதவீதம். 2017-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு இது.

செயலூக்கச் சிகிச்சை எனலாம் இந்த முறையை. 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் இதற்கு அடிப்படை போட்டார். 2016-ல் இங்கிலாந்தில் 440 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெரிய பயிற்சி தேவைப்படும் சிந்தனைச் சீரமைப்புச் சிகிச்சைக்கு இது சளைத்ததில்லை என்று தெரிந்தது. செலவும் குறைவு. மனநல மருத்துவர்கள் போதாத நம் நாட்டில் இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும். இன்னும் போகவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வீட்டில் தொடங்குவது

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில், என்ன நேரத்தில் என்ன செய்தீர்கள், அப்போது மனம் பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். எல்லாம் பூஜ்யம் என்று நினைத்திருப்பீர்கள். மாடியில் துணி காயப்போட்ட பத்து நிமிடத்துக்கு மட்டும் இரண்டு என்று விழுந்திருக்கும். அந்த இரண்டுதான் தொடங்கும் இடம்.

பிறகு முன்பு பிடித்திருந்த ஒன்றை எடுத்து, சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னதாக்குங்கள். தோட்டத்தில் ஈடுபாடு இருந்தவர் தோட்டத்தைச் சீர்செய்ய வேண்டாம், காலை 6.30-க்கு ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். நேரம் குறிப்பது முக்கியம், ஏனென்றால் ‘தோன்றும்போது’ என்று விட்டால் தோன்றாது. செய்வதற்கு முன் எவ்வளவு பிடிக்கும் என்று ஓர் எண், செய்த பின் எவ்வளவு பிடித்தது என்று ஓர் எண் எழுதுங்கள். பின்னால் எழுதிய எண் பல நாட்களில் கொஞ்சம் அதிகமாக இருக்கும். மனம் முன்கூட்டிச் சொல்லும் ஜோசியம் தப்பு என்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பது, யார் சொல்லும் அறிவுரையையும் விட வலுவானது.

இன்பம் தருவதை மட்டும் தேடாதீர்கள். மின்கட்டணம் கட்டுவது, ஒரு அலமாரியைத் துடைப்பது போன்றவற்றில் கிடைக்கும் ‘முடித்தேன்’ என்ற நிறைவும் கணக்கில் சேரும். வாரத்தில் ஒன்றாவது இன்னொரு மனிதரோடு செய்வதாக இருக்கட்டும். கொஞ்சமாவது நன்றாக இருந்த ஒரு தருணத்தை இரவில் கண்ணை மூடி, நிறம், மணம், குரல் எல்லாவற்றோடும் நிதானமாக நினைத்துப் பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மிஷெல் கிராஸ்க் வகுத்த சிகிச்சையில் இந்தப் பயிற்சிக்கு முக்கிய இடம் உண்டு.

‘டோபமைன் விரதம்’ என்று யூடியூபில் சொல்வதை நம்பிப் பாட்டு, இனிப்பு, அரட்டை எல்லாவற்றையும் துறக்காதீர்கள். விரதம் இருந்து மூளையின் டோபமைனை நிரப்ப முடியாது. ஏற்கெனவே வறண்டவர் மிச்சமிருக்கும் சின்னச் சின்ன ஊற்றுகளையும் அடைத்துக்கொள்வதில் நன்மை இல்லை.

மாத்திரை

மனச்சோர்வுக்கான மாத்திரை பலருக்கு உதவுகிறது. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். தூக்கமும் பசியும் முதலில் சீராகி, இன்பம் கடைசியில் வருவது சிலருக்கு நடக்கும். வேறு சிலருக்கு அந்த மாத்திரையே அழுகை, சிரிப்பு இரண்டையும் மழுங்கடிக்கிறது. தாம்பத்திய ஆர்வமும் குறையலாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடாது.

கூட இருப்பவர்கள்

“உனக்கு என்ன குறை?” என்று கேட்காதீர்கள். குறை எதுவும் இல்லாதபோதும் இப்படி இருக்கிறதே என்பதுதான் அவர்களை ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் அழுத்துவது. சுற்றுலா, விருந்து என்று பெரிதாக ஏற்பாடு செய்து, முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் பாரம்தான். “வா, தெருமுனை வரைக்கும் போய் பால் வாங்கிட்டு வரலாம்” என்று கூட நடப்பது அதைவிட மேல். பேசாமல் நடந்தாலும் சரி.

‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அப்படி இருந்தால் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

மீட்சி ஒழுங்கான வரிசையில் வராது. ஒரு நாள் சாம்பாரில் பெருங்காயம் தூக்கலாகத் தெரியும், அடுத்த நான்கு நாள் ஒன்றும் தெரியாது. எரிச்சல் முதலில் திரும்பி வருவதும் உண்டு. மரத்த இடத்தில் ஏதோ ஓர் உணர்ச்சி வருவதால் அதையும் நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். தேறிவிட்டோம் என்று தோன்றும் வாரத்தில் பலர் நோட்டையும் நடையையும் மாத்திரையையும் ஒன்றாக விடுகிறார்கள். முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு, நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது மாத்திரையைத் தொடரும்படி மருத்துவர்கள் சொல்வது வழக்கம். அது வரைக்கும் அந்த 6.30 மணித் தண்ணீரையும் தொடருங்கள்.