பால்மரக் காட்டுக்குள் வந்த டாங்கி

சுங்கை பட்டாணியில் அக்காள் வீட்டுக்குப் போனால் மருமகனின் அறையில் எப்போதும் ஏதாவதொரு போர் நடந்துகொண்டிருக்கும். போன பள்ளி விடுமுறையில் அவன் 'வார் தண்டர்' விளையாட்டில் ஒரு குட்டி டாங்கியை ஓட்டிக்கொண்டிருந்தான். "இதுல போய் ஏறினேன் பாருங்க மாமா. தகடு வெறும் 12 மில்லி. யார் சுட்டாலும் போச்சு" என்று அலுத்துக்கொண்டான். திரையோரத்தில் பெயர் தெரிந்தது: டைப் 95 ஹா-கோ. ஜப்பான்காரன் டாங்கி.

"இந்த வண்டி நம்ம பீடோங் வழியாத்தான் போச்சு, தெரியுமா?" என்றேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினான். அதற்குள் எவனோ சுட்டு அவன் டாங்கி எரிந்துபோனது. அதை அவன் கவனிக்கவில்லை.

என் பாட்டி அப்போது பீடோங் பக்கத் தோட்டமொன்றில் சிறுமி. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே லயத்துச் சட்டிபானை ஆடியது என்பாள். டாங்கி என்ற சொல் அவளுக்குக் கடைசிவரை வாயில் வரவில்லை, 'இரும்பு வண்டி'தான். குண்டு, தகடு எதுவும் அவள் கதையில் கிடையாது. சத்தம், டீசல் நாற்றம், பால்மரங்களுக்கு நடுவே ஓடி ஒளிந்தது, அவ்வளவுதான்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் தாய்லாந்தின் சிங்கோராவிலும் பத்தானியிலும் கரையிறங்கினார்கள். மூன்றே நாள் கழித்து, டிசம்பர் 11 மாலை, அவர்களுடைய டாங்கிகள் சங்லூனிலிருந்து ஜித்ராவுக்கு வரும் சாலையில் பாய்ந்தன. எதிரே இருந்தது 14ஆம் பஞ்சாப் படைப்பிரிவின் முதல் பட்டாளம். மலாயாவில் அன்று பிரிட்டிஷார் பக்கம் ஒரு டாங்கிகூடக் கிடையாது. இந்தக் காட்டுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் டாங்கி எதற்கு என்பது அவர்கள் எண்ணம். இந்திய வீரர்களில் பலர் அதுவரை டாங்கியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

இப்போது விளையாட்டுக் கணக்குக்கு வருவோம். ஹா-கோ ஏழரை டன்னுக்கும் குறைவான வண்டி. 37 மில்லிமீட்டர் பீரங்கி, மூன்று ஆட்கள். கூட வந்த டைப் 97 சி-ஹா 15 டன், தகடு 25 மில்லி. எதிரே பிரிட்டிஷாரிடம் இருந்த 2 பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி இந்த இரண்டையும் தகரடப்பாவைப் போலத் துளைக்கக் கூடியது. மருமகனின் விளையாட்டில் இந்தப் போரை நடத்தினால் பத்தில் ஒன்பது தடவை ஜப்பான் டாங்கிகள் சாலையிலேயே எரிந்து கிடக்கும்.

நடந்தது வேறு. அடைமழை. பீரங்கிக்காரர்கள் மழைக்கு ஒதுங்கியிருந்த நேரம் பார்த்து டாங்கிகள் சாலையோடு வந்துவிட்டன. பஞ்சாப் பட்டாளம் சிதறியது. அடுத்து ஆசுன் பாலம். அங்கே வைத்திருந்த வெடி வெடிக்கவில்லை. கூர்க்கா வீரர்கள் தோளில் வைத்துச் சுடும் பாய்ஸ் துப்பாக்கியால் முன்னால் வந்த டாங்கிகளை நிறுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஜித்ரா அரண் இரண்டு நாள் தாங்கவில்லை. 12ஆம் தேதி இரவே பின்வாங்கல் தொடங்கிவிட்டது. பிறகு குரூண், பிறகு மூடா ஆறு. கெடா போனது. சிதறிய அந்தப் பஞ்சாப் பட்டாளத்தின் கேப்டன் மோகன் சிங்தான் சில நாளில் ஜப்பானியரோடு பேசி இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்திட்டவர். பின்னாளில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் படையில் போய்ச் சேர்ந்ததற்கும் அந்த மழைக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கிறது.

டாங்கி விளையாட்டுக்காரர்களின் ஓயாத வழக்கு 'எது நிஜம்?' என்பது. 'வேர்ல்ட் ஆஃப் டேங்ஸ்' டாங்கிக்கு உயிர்ப்புள்ளி வைத்து, அடிக்கு அடி குறைக்கிறது. அது சண்டைச்சேவல் கணக்கு. 'வார் தண்டர்' அப்படியில்லை. தகட்டின் சாய்வு, குண்டு நுழைந்த கோணம், உள்ளே தெறித்த சில்லு எந்த ஆளின் மேல் பட்டது என்பதுவரை காட்டும். இந்த நிஜப் பைத்தியம் எதுவரை போனதென்றால், 2021இல் ஒருவர் விளையாட்டில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி தப்பாக இருக்கிறதென்று வாதாடி, ராணுவக் கையேட்டின் பக்கத்தையே ஆதாரமாக வெளியிட்டுவிட்டார். அதே ஆண்டில் பிரான்ஸின் லெக்லெர்க் டாங்கிக்கும் அதே கதி. தகட்டின் தடிமனுக்காக ராணுவ ரகசியத்தையே பந்தயம் வைக்கிறார்கள். மழையில் பீரங்கிக்காரன் எங்கே ஒதுங்குவான் என்று வழக்காட இதுவரை ஒருத்தரும் வரவில்லை.

இன்னொன்று. ஹா-கோவின் கோபுரத்துக்குள் ஒரே ஆள்தான். தளபதியும் அவரே, குண்டு போடுபவரும் அவரே, குறிபார்த்துச் சுடுபவரும் அவரே. வண்டியின் பெரிய குறையே அதுதான். கணினி விளையாட்டிலோ எந்த டாங்கியில் ஏறினாலும் ஓட்டுவது, பார்ப்பது, சுடுவது எல்லாம் ஒரே பையன். குண்டைக் கணினி போட்டுக் கொடுக்கும். போதாததற்கு டாங்கிக்கு மேலே பறவைபோல நின்று பார்க்கும் வசதி வேறு. உள்ளே கண்ணளவு பிளவில் மழையைத் தவிர வேறொன்றும் தெரியாமல் தவித்தவனின் பாடு அதில் வருமா? 'வார் தண்டரில்' மேல்பார்வையை எடுத்துவிடும் 'சிமுலேட்டர்' முறை உண்டு. மருமகன் அதைத் தொட்டதில்லை. "ஒண்ணுமே தெரியாது மாமா, போர்" என்றான். போரடிக்கிறது என்பதைச் சுருக்கிச் சொன்னான்.

பயிற்சிக்கென்றே செய்த விளையாட்டுகளும் உண்டு. அட்டாரியின் 'பேட்டில்ஸோன்' 1980இல் வந்தபோதே அமெரிக்க ராணுவம் அதைத் தன் வீரர்களின் பயிற்சிக்கு மாற்றித் தரக் கேட்டது. இன்று 'ஸ்டீல் பீஸ்ட்ஸ்' டென்மார்க், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் படைகளில் பாடமாகவே இருக்கிறது. என் மனதுக்குப் பிடித்த முயற்சி இவை இரண்டும் அல்ல. 1991 பிப்ரவரியில் ஈராக் பாலைவனத்தில் '73 ஈஸ்டிங்' என்ற டாங்கிப் போர் நடந்தது. அமெரிக்கர்கள் சண்டையிட்ட வீரர்களையே விசாரித்து, களத்தை அளந்து, எந்த டாங்கி எங்கே நின்று எப்போது சுட்டது என்று 'சிம்நெட்' என்னும் பயிற்சி வலையமைப்பில் அந்தப் போரை அப்படியே மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். ஆள் ஆளாகப் பிடித்துக் கேட்டுக் கட்டிய நிஜம் அது.

இனி வரப்போவது என்ன? தகட்டுக் கணக்கில் செய்ய வேண்டியதையெல்லாம் ஏறக்குறைய செய்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். மிச்சம் இருப்பது மண்ணும் மனிதனும். 2020இல் வந்த 'ஸ்னோரன்னர்' லாரி விளையாட்டில் சேறு எப்படிச் சக்கரத்தை விழுங்குகிறது என்று பார்த்தால், அந்தச் சேறு டாங்கி விளையாட்டுக்கு இன்னும் ஏன் முழுதாக வரவில்லை என்று தோன்றும். ஜித்ராவில் இருபுறமும் நெல்வயலும் சதுப்புமாக இருந்ததால்தான் டாங்கி சாலையை விடவில்லை. இருந்தும் சாலை ஒன்றே போதுமாயிருந்தது. 1942 ஜனவரி 7 அன்று பேராக்கின் சிலிம் ரிவரில் அதே பாடம் இன்னும் கொடுமையாக நடந்தது. பழைய, கைவிட்ட வளைவுச் சாலைகளில் புகுந்து ஜப்பானியர் தடுப்புகளைச் சுற்றி வந்துவிட்டார்கள். அடுத்த தலைமுறை விளையாட்டில் கூடவரும் ஆட்களைக் கணினியே பேசவைக்கும், பயப்படவைக்கும், சொன்னதைக் கேட்காமலும் இருக்கவைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி ஒன்று வந்தால்தான் மழைக்கு ஒதுங்கிய பீரங்கிக்காரன் திரைக்கு வருவான்.

அதை வெள்ளைக்காரனோ ரஷ்யனோ செய்து தரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' என்ற விளையாட்டை 2020இல் மலேசியாவிலிருந்தே செய்து உலகத்துக்கு விற்றார்கள். 'வார் தண்டரில்' ரசிகர்கள் தாங்களே களம் வடிக்க வசதி இருக்கிறது. சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் போர்ச்சாலைக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். பீடோங்கில் நம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கணினி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்லூனிலிருந்து ஆசுன் வரை ஒரு சாலை, ஒரு பாலம், இருபுறமும் பால்மரம், மழை. தொடங்க இவ்வளவு போதும். மரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிகிற தோட்டத்துச் சனத்தையும் மறக்காமல் போடுங்கள், எந்த விளையாட்டிலும் நான் அவர்களைப் பார்த்ததில்லை.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்த டிசம்பரில் எட்டு வயதாயிருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறுக்கு மேல். கூலிமிலோ பீடோங்கிலோ பாடாங் செராயிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், கைப்பேசியை எடுத்து ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, இரும்பு வண்டியின் சத்தம் எப்படி இருந்ததென்று கேளுங்கள். என் பாட்டியிடம் நான் கேட்கவில்லை.